தியோபால்ட் ஸ்மித் சரிதம்

அழுங்கு என்பது நம் நாட்டுக் காடுகளிலும் வாழும் ஒரு விலங்கு. எறும்புதின்னி என்றும் அதனைச் சொல்வர். இரவில் வெளிப்பட்டு எறும்பையும் கறையானையும் நாவினால் நக்கியுண்டு, பகையைக் கண்டவிடத்துப் பந்துபோற் சுருண்டு கிடக்கும் அவ்வெளிய பிராணிக்கு இயற்கை அளித்த காவல், உடலை மூடிய செதில்களேயாம். கொடிய விலங்கின் பல்லும் எளிதில் நுழையாத அக்கவசத்தின் இடுக்கிலே, கடுகளவினதாகிய உண்ணி நுழைந்து தோலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சி வாழ்கின்றது. இக்காலத்து விலங்கு வைத்தியர் காட்டில் அகப்பட்ட அழுங்கு ஒன்றைக் கையில் வாங்கினால், முதலிற் செதில்களுக்கிடையே உண்ணி தேடுவர்; பின்னர் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டிலே தடவிப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்து, இரத்த அணுக்களுக்குள்ளே வேறு சிற்றுயிர் ஏதேனும் உறைகின்றதோ என்று நோக்குவர். தோலின்மேல் உண்ணியைக் கண்டவர் இரத்தத்தினுள்ளே எதனையோ தேட வேண்டும் என்னும் இவ்வறிவு உலகிற்கு வந்து நெடுங்காலமாகவில்லை. அதனை நிலைநாட்டியவருள் தலைவராய் நின்ற ஒருவருடைய வரலாறே ஈண்டுச் சொல்லப்படுவது. அவர் ஆராய்ந்தது அழுங்கையன்று, மாட்டை. மாட்டுண்ணியை அறியாத தமிழ் மாணவர் நம்முள் ஒருவரும் இரார் ஆதலின், இவ்வரலாறு அயல்நாட்டதாயினும் அயலாகத் தோன்றாது.

தியோபால்ட் ஸ்மித் 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ந் தேதி, அமெரிக்க ஐக்கிய நாட்டிலே நியூயார்க் மாகாணத்து ஆல்பனி நகரிற் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனி தேசத்தினின்றும் வந்து குடியேறியவர், பெருஞ்செல்வர் அல்லர். ஷ்மிட் என்ற குடும்பப் பெயர் புதிய நாட்டிலே ஸ்மித் எனத் திரிந்தது. ஆயினும் வீட்டில் வழங்கிய மொழி ஜெர்மன் மொழியாகவே இருந்தது. இது சிறு செய்தி போலத் தோன்றினும் அவர் வாழ்க்கையில் இதனால் விளைந்த பயன் பெரிது. கிருமிகளைப் பற்றிய புதிய சாஸ்திரம் அக்காலத்தில் ஜெர்மன் மொழியிலேயே வளர்ந்து வந்தது. ராபர்ட் காக் என்னும் பேரறிஞர் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டு வெளியிட்டபொழுது, ஐரோப்பாவுக்குச் சென்று அவரிடம் பயில வசதியில்லாத இவ்விளைஞர், அவர் எழுதியவற்றை மூலமொழியிலேயே படித்து, அவர் செய்த சோதனைகளைத் தம் கையாலேயே செய்து பார்த்துக் கற்றார்.

பள்ளியில் முதன்மையாகத் தேறிய ஸ்மித், உதவிச் சம்பளம் பெற்றுக் கார்னெல் பல்கலைக்கழகம் புகுந்து 1881-இல் பட்டம் பெற்றார். கணிதத்திலும் சங்கீதத்திலும் அவருக்கிருந்த பற்று இறுதிவரை குறையவில்லை. கார்னெலிலே பூதக்கண்ணாடியின் பயனை அவருக்குக் கற்பித்த ஆசிரியர் சைமன் கேஜ் என்பவர். பின்னர் ஸ்மித் ஆல்பனி வைத்தியக் கல்லூரியில் 1883-இல் வைத்தியப் பட்டமும் பெற்றார். பட்டம் பெற்றும் நோயாளிகளைப் பார்க்கும் தொழிலிலே அவர் மனம் செல்லவில்லை. நோயின் காரணத்தை அறியாமல் மருந்து கொடுப்பது அவருக்கு உவப்பாக இல்லை. அவ்வாண்டின் இறுதியில், கேஜ் ஆசிரியரின் பரிந்துரையால், வாஷிங்டன் நகரத்து விவசாய இலாகாவிலே கால்நடை நோய்களை ஆராயும் பகுதியில் ஓர் உதவியாளர் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு அப்பகுதி கால்நடைத் தொழிற் காரியாலயம் என்ற பெயரால் விரிவடைந்தது. அதன் தலைவர் டேனியல் சால்மன். இளைஞரான மருத்துவர் ஒருவர், மனிதரை விட்டுப் பன்றிக்கும் மாட்டுக்கும் வந்த நோயை ஆராயச் சென்றது அந்நாளிற் பலர்க்குத் தாழ்வாகப் பட்டிருத்தல் கூடும்.

தலைவரின் கீழ் உழைப்பதில் உள்ள துன்பத்தையும் அவர் விரைவிலே அறிந்தார். பன்றிகளை அழித்துவந்த ஒரு கொள்ளைநோயை ஆராய்ந்து, ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார் ஸ்மித். இறந்த கிருமிகளையே உடலிற் செலுத்தினும் உயிருள்ள கிருமியைத் தாங்கும் வலிமை உண்டாகும் என்பதையும் 1886-இல் புறாக்களிடத்தே காட்டினார். இவற்றை வெளியிட்ட கட்டுரைகளில் முன்னின்ற பெயர் சால்மனுடையது. பிற்காலத்து அறிஞர் அக்கிருமிக் குலத்திற்குச் சால்மனெல்லா என்று பெயரிட்டனர். கெட்ட உணவால் வரும் வயிற்று நோயைப் பேசும்பொழுதெல்லாம் இன்றும் வைத்தியர் வாயில் வழங்கும் பெயர் அது. கண்டவர் பெயரன்று, தலைவர் பெயர். அக்கிருமி அப்பன்றி நோய்க்கு முதற்காரணமன்று என்பதும், கண்ணுக்குப் புலப்படாத வேறொரு நச்சுயிரே காரணம் என்பதும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியாயின.

இனி அவருக்கு அழியாப் புகழைத் தந்த செய்திக்கு வருவோம்.

அமெரிக்காவின் தென்பகுதியாகிய டெக்ஸாஸ் முதலிய மாகாணங்களில் மாடுகள் பல்லாயிரமாகப் பெருகியிருந்தன. உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்த பின்னர், அவற்றை வடக்கே ஓட்டிச் சென்று விற்பது பெருந்தொழிலாயிற்று. தெற்கிலிருந்து வந்த மாடுகள் நோயற்றனவாய்ப் புல் மேய்ந்து நின்றன. ஆனால் அவை மேய்ந்த தரையில் மேய்ந்த வடநாட்டு மாடுகள், ஒரு மாதத்திற்கு மேற் சென்ற பின், காய்ச்சல் கண்டு, சிறுநீர் செந்நிறமாய்ப் பிரிய, சில நாட்களில் வீழ்ந்து மடிந்தன. 1868-இல் இல்லினாய், இந்தியானா மாகாணங்களில் இச்சேதம் மிகப் பெரிதாயிற்று. தெற்கு மாடும் வடக்கு மாடும் ஒன்றையொன்று தீண்ட வேண்டுவதில்லை. முன்னது போன வழியிற் பின்னது மேய்ந்தாலே போதும். நோயைக் கொணர்ந்த மாட்டுக்கு நோயில்லை. நோய் கண்ட வடநாட்டு மாடோ பிறிதொன்றிற்கு நோயைக் கொடுப்பதில்லை. இதனினும் விளங்காத புதிர் வேறு உண்டோ? மிசூரி, கான்ஸஸ் மாகாணத்துக் குடியானவர்கள் துப்பாக்கியேந்தி வழியை மறித்து நின்றனர். ஒரு மாட்டையே பொருளாக உடைய ஏழையின் குடிசைக்கு, தென்திசையிற் கிளம்பிய தூசி யமனின் வருகையாகவே தோன்றிற்று.

காரணம் யாதெனக் கற்றோர் பலவாறு உரைத்தனர். தென்னாட்டு மாட்டின் சாணமும் உமிழ்நீரும் புல்லை நஞ்சாக்கும் என்றனர் சிலர். மாடு மேய்ப்போர் மட்டும், இது உண்ணியால் வருவது என்று நெடுநாளாகச் சொல்லி வந்தனர். அதனைக் கேட்டு வைத்திய அறிஞர்கள் நகைத்தனர். நகைத்ததற்கும் ஒரு நியாயம் இல்லாமற் போகவில்லை. ஒரு பூச்சி கடித்து நோய் பரவும் என்று அன்றுவரை எவரும் சோதனையால் மெய்ப்பித்ததில்லை. அன்றியும் அவ்வுண்ணி ஒரு மாட்டைப் பற்றினால் தன் பருவம் முழுவதையும் அம்மாட்டின்மேலேயே கழிப்பது. மாடு விட்டு மாடு தாவுவதன்று. தாவாத பூச்சி நோயை எங்ஙனம் கொண்டு செல்லும்?

1889-ஆம் ஆண்டின் வேனிலில், வாஷிங்டன் நகரின் புறத்தேயிருந்த சோதனைப் பண்ணையில் இதனைத் தீர்க்க முற்பட்டனர். பண்ணையின் மேலாளர் பிரெட் கில்போர்ன் என்னும் விலங்கு வைத்தியர். வட கரோலினாவிலிருந்து சில மாடுகள் வருவிக்கப்பட்டன. வேலியிட்ட ஒரு வயலில், உண்ணி மொய்த்த தென்னாட்டு மாடுகளை வடநாட்டு மாடுகளோடு விட்டனர். மற்றொரு வயலில் விடப்பட்டவையும் தென்னாட்டு மாடுகளே. ஆனால் அவற்றின்மேல் ஓர் உண்ணியும் இராதபடி, கையினால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீக்கிய பின்னரே வடநாட்டு மாடுகளோடு சேர்த்தனர். இதனை எழுதுவது எளிது. அவ்வேனில் வெயிலில், முரட்டு மாட்டின் வாலடியிலும் தொடையிடுக்கிலும் விரலை விட்டு, மணற்பொடி போன்ற உண்ணிக் குஞ்சுகளை நாள்தோறும் தேடியெடுத்தவர்க்கே அவ்வேலையின் அருமை தெரியும். வாரங்கள் சென்றன. முதல் வயலில் வடநாட்டு மாடுகள் காய்ச்சல் கண்டு சாயத் தொடங்கின. இரண்டாம் வயலில் ஒன்றுக்கும் ஒரு தீங்குமில்லை.

மூன்றாவதாக ஒரு வயலும் உண்டு. அங்கே தென்னாட்டு மாடு ஒன்றையும் விடவில்லை. தெற்கிலிருந்து கொணர்ந்த உண்ணிகளை மட்டும் புல்லின்மேல் தூவினர். அங்கும் நோய் வந்தது.

மடிந்த மாடுகளின் இரத்தத்தைத் தம் ஆராய்ச்சி அறையிலே பூதக்கண்ணாடியில் வைத்து நோக்கிய ஸ்மித், செவ்வணுக்களுள்ளே பேரிக்காய் வடிவினவாய், பெரும்பாலும் இரண்டிரண்டாய்க் கிடந்த சிற்றுயிர்களைக் கண்டார். அவை அணுவை உடைத்து வெளிப்படுவதனாலேயே இரத்தம் வெளுத்துச் சிறுநீர் சிவக்கின்றது. உயிரோடிருக்கும் மாட்டின் தோலைச் சிறிது கீறி ஒரு துளி எடுத்து, நாள்தோறும் செவ்வணுக்களை எண்ணி, நோயின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கணக்கிட்டு வந்தார். அச்சிற்றுயிர்க்கு அவர் பைரோசோமா பைஜெமினம் என்று பெயரிட்டார். ருமேனிய நாட்டு அறிஞர் விக்டர் பாபேஷ் என்பவர் 1888-இல் அந்நாட்டு மாடுகளின் அணுக்களில் இத்தகையதொன்றைக் கண்டிருந்தமையால், பாபேசியா என்பதே பின்னர் நிலைத்த பெயராயிற்று.

ஆயினும் பழைய வினா நின்றது: தாவாத உண்ணி நோயைக் கொண்டு செல்வது எவ்வாறு? அடுத்த ஆண்டுகளில் ஸ்மித் உண்ணிகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து வளர்த்தார். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி மாட்டைவிட்டு வீழ்கின்றது. தரையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளையும் இட்டுவிட்டு மடிகின்றது. வெப்பமான காலத்தில் ஏறக்குறைய இருபது நாளில் முட்டை பொரிந்து ஆறுகாற் குஞ்சுகள் வெளிப்பட்டு, புல்நுனியில் ஏறி, வரும் மாட்டை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றன. பாத்திரத்திலே பொரிந்த, எந்த மாட்டையும் ஒருநாளும் தீண்டியறியாத அக்குஞ்சுகளை எடுத்து, நோயற்ற கன்றின்மேல் விட்டார் ஸ்மித். கன்று அதே காய்ச்சலில் வீழ்ந்தது. தாய் குடித்த இரத்தத்திலிருந்த நஞ்சு, முட்டையின் வழியாகச் சந்ததிக்கு இறங்கியது என்பதன்றி இதற்கு வேறு பொருளில்லை. தாய் தாவ வேண்டுவதில்லை. மக்கள் வேறு மாட்டிற் பிறவிப் பயனை நிறைவேற்றுகின்றனர்! முட்டை பொரிய இருபது நாள், குஞ்சு கடித்துக் காய்ச்சல் காணப் பத்து நாளுக்கு மேல். ஆகவே மாட்டு வியாபாரிகள் கணக்கிட்ட ஒரு மாதமும் சில நாளும் பிழையன்று. தென்னாட்டு மாடுகள் கன்றுப் பருவத்திலேயே நோயை இலேசாகக் கண்டு தேறியவை ஆதலின், இரத்தத்தில் அச்சிற்றுயிரைச் சுமந்தும் துன்பமின்றி உலவின. புதிரின் முடிச்சுக்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

1893-இல் இவையனைத்தும் ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர் பெயரால், அக்காரியாலயத்தின் முதல் ஆராய்ச்சி வெளியீடாக நூல்வடிவம் பெற்றன. கடிக்கும் சிற்றுயிரின் வாயிலாக ஒரு நோய் உடல்விட்டு உடல் செல்வது ஐயந்திரிபறச் சோதனையால் மெய்ப்பிக்கப்பட்டது அதுவே முதன்முறை. அதன்பின் ஆப்பிரிக்காவில் டேவிட் புரூஸ் என்பவர் செட்சி ஈயால் கால்நடைக்கு வரும் நோயை ஆராய்ந்தார். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 20-ந் தேதி நம் தேசத்துச் சிக்கந்தராபாத்திலே ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1900-இல் கியூபாத் தீவில் மஞ்சட் காய்ச்சலின் இரகசியமும் வெளிப்பட்டது. ராஸுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஸ்மித்துக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். உண்ணியின் வாழ்க்கைப் பருவங்களை வரிசையாகக் கண்டு எழுதியவர் கூப்பர் கர்ட்டிஸ் என்னும் மற்றொரு விலங்கு வைத்தியர். அவர் பெயர் நூலாசிரியர் வரிசையில் இடம்பெறவில்லை. மனம் நொந்து அவர் 1891-இலேயே காரியாலயத்தை விட்டு நீங்கியிருந்தார். கில்போர்னும், வயற் சோதனைகளை வகுத்தவர் தாமே என்று பிற்காலத்தில் உரிமை பேசினார். தம் உழைப்பின் பெயரைத் தலைவர் கொண்டாரென வருந்திய ஸ்மித்தே, தம்மோடு உழைத்தவர்க்கு முழுமையான பங்கை அளித்தாரா என்பது இன்றும் சரித்திரக்காரர் வாதிக்கும் பொருள். இரத்தத்தில் அச்சிற்றுயிரைக் காண்டலும், முட்டை வழியாக நோய் இறங்குதலை அறிந்து மெய்ப்பித்தலும் ஸ்மித்தின் செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் உண்ணியைப் பொறுக்கிய கைகளும், உண்ணியின் பிறப்பு வளர்ப்பைக் கண்ட கண்களும் பிறருடையன. ஒருவர் பெயரை மட்டும் சொல்லுதல் நம் போன்ற கட்டுரையாளர்க்கு எளிது, அவ்வளவே.

எஞ்சிய வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லலாம். 1888-இல் அவர் லிலியன் எகிள்ஸ்டன் என்னும் மாதரசியை மணந்தார். இரு பெண்களும் ஒரு மகனும் பிறந்தனர். 1895-இல் வாஷிங்டனை விட்டு மாஸசூஸெட்ஸ் மாகாணத்திற்குச் சென்று, தொண்டை அடைப்பான் நோய்க்கு மாற்று மருந்து ஆக்கும் நிலையத்தை நடத்தி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். மனிதனைப் பற்றும் காசநோய்க் கிருமியும் மாட்டைப் பற்றும் கிருமியும் வேறு வேறு இனத்தன என்று 1898-இல் நிலைநாட்டினார். 1914-க்குப் பின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் விலங்கு நோய்ப் பகுதியைப் பிரின்ஸ்டன் நகரில் அமைத்து, 1929 வரை அதனை நடத்தினார். 1933-இல் இலண்டன் ராயல் சங்கம் தன் உயரிய காப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கிற்று.

முதுமையில் அவர் எண்ணியெண்ணி எழுதிய பொருள் ஒட்டுண்ணி வாழ்க்கையைப் பற்றியது. ஒட்டுண்ணிக்கு இடங்கொடுத்த உயிர் இறக்குமாயின் ஒட்டுண்ணிக்கும் இடமில்லை. ஆதலின் நெடுங்காலம் ஒன்றாய் வாழ்ந்த இரண்டும் ஒருவகை உடன்படிக்கைக்கு வருகின்றன. பேரழிவு நேர்வது, பெரும்பாலும், பழகாத இரண்டும் புதிதாகச் சந்திக்குமிடத்தும், இடங்கொடுத்த உயிர் மெலிந்தவிடத்துமே. தென்னாட்டு மாடும் வடநாட்டு மாடும் அவருக்குக் கற்பித்த பாடம் இதுவே போலும். இக்கருத்துக்களைக் கொண்ட அவருடைய நூல் 1934-இல் வெளிவந்தது.

முதலிற் கூறிய அழுங்கை இங்கே மீண்டும் நினைத்தல் பொருந்தும். காட்டில் தன் வளையில் வாழும் அழுங்கின் செதிலிடுக்கில் உண்ணி இருத்தல் வியப்பன்று. கிழக்காசிய நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் அழுங்கையே தனக்கு வீடாகக் கொண்ட உண்ணி இனங்கள் உள. குடலிற் புழுக்களும் உள. ஸ்மித் கண்ட அக்குலத்துச் சிற்றுயிர், பாபேசியா, அழுங்கின் இரத்தத்திலும் இக்காலத்தில் அறியப்பட்டுள்ளது. காட்டில் இவையெல்லாம் அதனோடு பொருந்தி வாழ்ந்திருக்கலாம். செதிலுக்கும் இறைச்சிக்கும் ஆசைப்பட்டோர் அதனைச் சாக்கிலே கட்டி, உணவும் நீருமின்றி நாடு கடத்தும்பொழுதுதான் உடன்படிக்கை முறிகின்றது. 2016-இல் கூடிய பன்னாட்டு மாநாடு அழுங்கின் எட்டு இனங்களையும் எல்லை கடந்து விற்பதைத் தடுக்கத் தீர்மானித்தது. களவு வாணிகம் மட்டும் ஓயவில்லை. மீட்கப்பட்ட அழுங்கு மெலிந்து இறக்குமிடத்து, அது பசியாலோ, அச்சத்தாலோ, முன்னர் வாளாயிருந்த ஒட்டுண்ணி இப்பொழுது தலையெடுத்தமையாலோ என்று வைத்தியர் மயங்குகின்றனர். அம்மயக்கத்தைத் தீர்க்க அவர்கள் மேற்கொள்ளும் வழி, உண்ணியைப் பொறுக்குவதும், இரத்தத் துளியை நோக்குவதும், அணுக்களை எண்ணுவதுமேயாம்.

ஸ்மித் 1934-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ந் தேதி நியூயார்க் நகரிற் காலமானார். அவருக்கு வயது எழுபத்தைந்து.

அவருடைய நூலில் இடம்பெறாத கர்ட்டிஸோ, உண்ணியை நாட்டினின்றே ஒழித்துவிடலாம் என்று பல ஆண்டுகள் பேசியும் எழுதியும் வந்தார். 1906-இல் அரசாங்கத்தார் அவ்வேலையைத் தொடங்கினர். பாஷாணம் கலந்த தொட்டிகளிலே மாடுகளை நீந்தச் செய்தனர். ஒன்றிரண்டு மாடுகளை உடைய ஏழைகள் சிலர் அத்தொந்தரவைப் பொறாமல் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்ததும் உண்டு. எனினும் மாவட்டம் மாவட்டமாக வேலை நடந்து, 1943-இல், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய டெக்ஸாஸ் நிலப்பகுதி ஒன்றைத் தவிர, ஐக்கிய நாடு முழுவதும் அவ்வுண்ணி நீங்கிற்று. எல்லையிற் குதிரையேறித் திரிந்து, வழிதவறி ஆற்றைக் கடந்து வரும் மாடுகளைப் பிடித்து உண்ணி தேடும் காவலர் இன்றும் இருக்கின்றனர். கர்ட்டிஸ் 1939-இலேயே இறந்துவிட்டார்.